நீ கேட்ட போர்டு கடையில் இருந்தது

கண்ணு, நீ அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்த அந்த மதர்போர்டு அன்றைக்குக் கடையில் இருந்தது. ஒன்று இல்லை, மூன்று பெட்டிகள். கடைக்காரர் ஏணியில் ஏறி ஒன்றை எடுத்து, தூசி தட்டி என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று சொன்னது நான். உன்னிடம் வந்து, "ஸ்டாக் இல்லையாம்" என்று சொன்னதும் நான்தான். பத்து மாதமாக இதைச் சொல்ல வாயெடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும், பையன் சாப்பிடுகிறான், பரீட்சை இருக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான் என்று ஏதாவது ஒன்று எனக்கே சொல்லிக்கொண்டு விழுங்கிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை நீ வந்து அந்தக் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி, வேலைக்குச் சேரப் போகும் பெங்களூருக்கு எடுத்துப் போகப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், உடனே நீ "சரி விடும்மா" என்று சொல்லிவிடுவாய். அப்படி நீ சுலபமாக விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கும் வருகிறேன்.

போன ஆடியில் நீ ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தபோது சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் நடத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? சேலையைப் போட்டோ மட்டும் எடுத்துக் கொடுத்தால், ஒரு பெண் அதை உடுத்தி நிற்பதுபோலக் கம்ப்யூட்டரிலேயே படமாக்கிக் கொடுக்கிற வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தாய். இளம்பிள்ளை ஊர்ச் சேலை வியாபாரிகள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நண்பனின் லேப்டாப்பில் ஒரு படம் முடிவதற்குள் விடிந்துவிடுகிறது என்று புலம்பினாய். கையில் இருக்கிற பணத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை நீயே பூட்டப் போவதாகச் சொன்னாய். "கம்பெனிக்காரன் ஒரு வேகத்தைப் போட்டுக் குடுக்கறான்ம்மா. ஆனா சிப்பு அதுக்கு மேலயும் ஓடும். பூட்டுப் போடாம விக்கிற சிப்பா பாத்து வாங்கினா நாமளே வேகத்தைக் கூட்டிக்கலாம். சின்ன சிப்பு வெலையில பெரிய சிப்பு வேலை. அதுக்குப் பேருதான் ஓவர்கிளாக்."

அப்பா ரசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப அவனே வேகமா ஓடறாப்ல வித்துட்டுப் போலாமே சாமி, எதுக்குக் கொறைச்சு வெச்சு விக்கறான்?"

"எல்லார் ஊட்லயும், எல்லா வெயில்லயும் நிக்காம ஓடணுமல்லங்கப்பா? அதுக்குக் கொஞ்சம் கம்மியா வெச்சிருப்பான். நாம கவனமாப் பாத்துக்கிட்டா கூட்டிக்கலாம்."

"செரி, ஓட்டிப் பாரு. டமார்னு சத்தம் வந்துச்சுன்னா மொதல்ல ஓடறது உங்கம்மாதான்."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் மோர் எடுக்கப் போவதுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன். மோர் ஏற்கெனவே உங்கள் முன்னால்தான் இருந்தது.

உனக்குப் பரீட்சை இருந்ததால் சேலம் போய் வாங்கி வரும் வேலை எனக்கு வந்தது. உன் பட்டியல் இன்னும் என் பையில் இருக்கிறது. ஆறு கோர் உள்ள, புதுத் தலைமுறைக்கு ஒன்று முந்தைய, விலை இறங்கிய சிப். அதற்குக் கீழே போர்டின் பெயர், இரண்டு கோடுகள், பக்கத்தில் "இது இல்லையென்றால் எதுவும் வாங்க வேண்டாம், காத்திருக்கலாம்." கடைக்காரர் படித்துவிட்டு, "தம்பி வெவரமாத்தான் எழுதியிருக்காப்லங்க்கா. பூட்டு இல்லாத சிப்பு, அதுக்கேத்த போர்டு. இந்த வெலைக்கு இதுதான் சரியான சோடி" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இந்த போர்டுல போட்டா வேகத்தைக் கூட்டலாமுங்களா?"

"தாராளமாக் கூட்டலாங்க்கா."

"கூட்டவே முடியாத போர்டு ஏதாச்சும் இருக்குங்களா?"

அவர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை வருசத்துல எல்லாரும் கூட்டறதுக்குத்தான் வழி கேட்டிருக்காங்க. கூடாம இருக்கறதுக்குக் கேட்டது நீங்கதான் மொதல் ஆளு."

"இருக்குங்களா, இல்லீங்களா?"

"இருக்கு. வெலையும் கம்மி. அதே சிப்பு அதுலயும் உக்காரும். ஆனா வேகத்தைத் தொட முடியாது. அக்கா, தம்பி ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கு. நாளைக்கு வந்து என்னையத்தான் புடிக்கும்."

"அதை நான் பாத்துக்கறேனுங்க. அதையே குடுங்க."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. நீ வந்து பெட்டியைப் பிரித்துவிட்டு, "அம்மா, இது வேற போர்டு" என்றாய். "நீ கேட்டது ஸ்டாக் இல்லையாம் கண்ணு" என்றேன். நீ அந்த இடத்திலேயே கடைக்குப் போன் செய்தாய். என் உயிர் என்னிடம் இல்லை. அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப ஸ்டாக் இல்லீங்க தம்பி, மன்னிச்சுக்குங்க." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ போனை வைத்துவிட்டு, "விவரம் தெரியாத ஆள்னு உங்களை ஏமாத்திட்டாங்கம்மா" என்று சொல்லி என் தோளைத் தொட்டாய். அந்தத் தொடுகை இன்னும் எரிகிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். உனக்கு அப்போது ஐந்து வயது. நமக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. தீபாவளிக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. உள்ள வேகத்தில் ஓட்டினால் முடியாது என்று அப்பா தயங்கினார். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதியவள். படிப்பு எதற்கும் பயன்படாமல் கிடக்கிறதே என்கிற அரிப்பு எனக்கு எப்போதும் இருந்தது. மோட்டாரில் பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, அந்தப் புல்லியை, ஒரு சைஸ் பெரிதாக்கினால் அதே மோட்டாரில் தறி எத்தனை ஓட்டம் கூடுதலாக ஓடும் என்று உன் சிலேட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற கட்டை இருக்கிறதல்லவா, நாடா, அதைக் காட்டி அப்பா கேட்டார். "இது தாங்குமா அம்மிணி?"

"ஏனுங்க தாங்காது? நூத்துக்குப் பத்துதான் கூடுது. எல்லாரும் பயந்துக்கிட்டே ஓட்டறாங்க."

பட்டறையில் சொல்லி புல்லி கடைந்து வந்தது. முதல் இரண்டு நாள் தறி பறந்தது. தெருவில் போகிறவர்கள் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா பக்கத்துத் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நாடா, தறியின் ஓரத்தில் போய் நிற்க வேண்டிய பெட்டியில் அடங்காமல் வெளியே பறந்து, இரும்பு முனை அவருடைய இடது கையின் புறத்தில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டது.

அப்பாவின் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காதது உனக்குத் தெரியும். பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்றுதான் ஊருக்கும் உனக்கும் சொல்லியிருக்கிறோம். உன் பெரியப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து, "பராக்குப் பாத்துக்கிட்டு பெல்ட்டுல கையக் குடுத்தியாடா? இத்தனை வருசம் தறி ஓட்டி என்ன பிரயோசனம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா, "ஆமாண்ணா, தூக்கக் கலக்கம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்து, "கணக்கு சரிதான் அம்மிணி. தறிக்குத்தான் கணக்குத் தெரியல" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகு அவரால் வேகமாக முடிச்சுப் போட முடியவில்லை. தறியை விட்டுவிட்டு நூல் வாங்கி விற்கிற வேலைக்கு வந்தார். இன்று வரை அந்தப் புல்லியைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியதில்லை.

ஆகவே நீ சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து "கம்பெனிக்காரன் குறைச்சு வெச்சிருக்கான்" என்று சொன்னபோது, என் சொற்களே உன் வாயிலிருந்து வந்தன. ஒரு சிப் பறந்து வந்து யார் கையையும் உடைக்காது என்று எனக்குத் தெரியாதா? நானும் அதைத்தானே படித்தேன். சூடு ஏறினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் அணைந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் பயம் தெரிந்ததைக் கேட்டு அடங்குவதில்லை. சிப்பை மாற்றினால் நீ சண்டை போடுவாய் என்று, சிப்பை விட்டுவிட்டு, போர்டை மாற்றி அதன் கழுத்தைப் பிடித்தேன். எனக்குப் புத்தியும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு மனுஷி எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்புச் செய்ய முடியும் என்று பார்.

இப்போது, எல்லார் முன்னாலும் எழுதுவதற்கான காரணம். போன வாரம் மவுஸ் வாங்க வேண்டி அந்தக் கடையின் நம்பரை நெட்டில் தேடினேன். கடையின் பெயருக்குக் கீழே, பத்து மாதத்துக்கு முன் நீ எழுதியது முதலாவதாக நின்றது. "விவரம் தெரியாத அம்மாக்கள் தனியாகப் போனால், இருக்கும் போர்டை இல்லை என்று சொல்லி மலிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஜாக்கிரதை." அதன் கீழே எத்தனையோ பேர் உனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கடையின் படத்தில் அலமாரியில் நீ கேட்ட பெட்டி தெரிந்ததை வட்டம் போட்டே காட்டியிருந்தாய். நீ சொன்னதில் பெட்டி இருந்தது உண்மை. ஏமாற்றியது யார் என்பது மட்டும் தப்பு.  அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனேன்.

"வாங்கக்கா. தம்பி நல்லாருக்குங்களா? கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுங்களா?" என்றார். அதே முகம்.

"அவன் எழுதினதைப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா. அன்னிக்கே."

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை பதில் போடாம விட்டீங்க?"

"நீங்க ஊட்ல சொல்லலைன்னு தெரிஞ்சுது. நான் சொன்னா அம்மாவுக்கும் பையனுக்கும் நடுவுல பூந்த மாதிரி ஆயிரும்." கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு காலேஜ்ல மொத்தமா எடுக்கறதாச் சொல்லியிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு வேற பக்கம் போயிட்டாங்க. அது பரவால்லீங்க. எம் பொண்ணு படிச்சுட்டு, 'நீங்க அப்படித்தான் விப்பீங்களாப்பா'ன்னு கேட்டுச்சு. அதுதான்."

ஆஸ்பத்திரியில் பெரியப்பா பேசியபோது நின்ற மாதிரியே நான் அங்கேயும் நின்றேன். இரண்டு ஆண்கள் என் தப்பை அவர்கள் தலையில் ஏற்றிக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் நான் அதை அவர்களுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டு என் பாட்டுக்கு இருந்துவிட்டேன். தனியாக உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் இது எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பத்து மாதத்தில் நீ பார்க்கிற வீடியோக்களை நானும் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல், அடுப்படியில். மலிவு சிப் என்று வாங்கி, அதை வேகமாக ஓட்ட, சூட்டைத் தணிக்கிற பெரிய கூலரும், நல்ல போர்டும், திடமான பவர் சப்ளையும் வாங்கினால், அந்தப் பணத்துக்கு அடுத்த படி சிப்பையே வாங்கி நிம்மதியாக இருந்திருக்கலாம். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எது மலிவு என்று சொல்ல வேண்டும். உன் சிப்புக்கு, நீ எழுதிய பட்டியல்படியே பார்த்தால், உன் கணக்கு சரிதான். நான்கு தடவை சரிபார்த்தேன். ஆனால் கூட வந்த சின்ன கூலரை நம்பாதே. நான் புல்லியை மட்டும் மாற்றினேன். நாடாவை அடிக்கிற விசையையும், அதைப் பிடித்து நிறுத்துகிற பெட்டியையும் சேர்த்துச் சரிசெய்திருக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் பிறகு சொன்னார். ஒன்றின் வேகத்தைக் கூட்டினால் அதைத் தாங்குகிற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒரே பெட்டி, ஒரே பெயர் என்றாலும் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதமாமே. வீடியோவில் ஒருவன் எட்டிய வேகத்தை உன்னுடையது எட்டாவிட்டால் அதை வதைக்காதே. அவன் ஏசி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறான். பெங்களூரில் பரவாயில்லை, ஆனால் லீவுக்கு இங்கே கொண்டுவந்து நம் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் ஓட்டுவாயே, அப்போது இறக்கி வைத்துக்கொள். கூட்டும்போது ஒவ்வொரு படியாகக் கூட்டு. ஒரு படி கூட்டினால் அரை நாள் ஓட விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம். ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது கூட்டாதே. அவசரத்தில் இருக்கிறவன் கையில் அது ஒரு சோதனையாக இருக்காது, வேண்டுதலாக இருக்கும். நான் தீபாவளிக்கு முன்னால் செய்தேன். பொங்கல் கழித்துச் செய்திருந்தால் ஒருவேளை மூன்றாம் நாள் சத்தத்தில் வித்தியாசம் தெரிந்திருக்கும், தறியை நிறுத்தியிருப்பேன்.

கார்த்திகையில் சேலை வியாபாரிகள் மொத்தமாகக் கேட்ட படங்கள் நேரத்துக்கு முடியாமல் ஆர்டர் கைவிட்டுப் போனபோது, "போர்டு மட்டும் சரியா இருந்திருந்தா" என்று நீ போனில் சொன்னாய். உண்மையைச் சொன்னால், வேகத்தைக் கூட்டியிருந்தாலும் கொஞ்சம்தான் முன்னால் முடிந்திருக்கும், அந்த ஆர்டர் தப்பியிருக்குமா என்பது சந்தேகம். இதை எழுதும்போதே எனக்கு நானே வக்காலத்து வாங்குகிறேன் என்று தெரிகிறது. அந்தக் கொஞ்சம் உன்னுடையது. அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை.

இதை எழுதுவதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன். "கை விசயத்தையும் எழுதட்டுமுங்களா?" அவர் நூல் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே, "எழுது. அண்ணனுக்கும் ஒண்ணு அனுப்பு. பதினஞ்சு வருசமா பெல்ட்டுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே மறந்து போச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "பையன் கோவிச்சுக்குவானா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "கோவிக்கட்டும் உடு. கோவிச்சுட்டு வந்து சோறு திம்பான்." இந்த வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதும் எனக்கென்றே ஒதுக்கியிருக்கிறார் போல.

கடையின் பக்கத்தில் நீ எழுதியதற்குக் கீழே நானும் எழுதியிருக்கிறேன், என் பெயரைப் போட்டு. "போர்டு இருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று மாற்றி வாங்கியது நான். விவரம் தெரிந்தேதான் செய்தேன். இப்படிக்கு, அந்த அம்மா." நீ எழுதியதை எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். நீ கேட்ட போர்டு உன் பெயர் எழுதிய பெட்டியில் அந்தக் கடையிலேயே இருக்கிறது. பழையதைப் பிறகு கொண்டுவந்து கொடுத்தால் போதும், கழித்துக்கொள்வதாகச் சொன்னார், மீதியை நான் கட்டிவிட்டேன். வாங்கி வந்து உன் மேசையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சனிக்கிழமை நீயே போய் அவரைப் பார்த்து வாங்கிக்கொள். அவர் டீ வாங்கித் தருவார், வேண்டாம் என்று சொல்லாதே. அவருடைய பெண் கடையில் இருந்தால் அவளுக்கும் கேட்கும்படி பேசு.

பிறகு வீட்டுக்கு வந்து போர்டை மாட்டு. வேகத்தைக் கூட்டு. எவ்வளவு கூட்டுகிறாய் என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்த அறைக்குள் வர மாட்டேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து உன் பயணத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அரை மணி நேரமாகியும் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்றால் மட்டும், "ஆச்சா கண்ணு?" என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். எரிச்சல்படாமல் பதில் சொல்லிவிடு.